மரை கழற்றிய துப்பாக்கி

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் ரயிலில் எப்போதாவது வந்திருக்கிறீர்களா? திண்டிவனம் தாண்டினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும். விக்கிரவாண்டிக்கு அடுத்தது முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலை உள்ள ஊர். அரவை சீசனில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். காற்றிலேயே பாகு வாசனை அடிக்கும்.

இந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கரும்பு விலை, வெட்டுக் கூலி என்று புலம்பி முடித்த பிறகு, "பன்னித் தொல்லை தாங்கலீங்க" என்பார். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால், "அந்தக் காலத்துல நாட்டுத் துப்பாக்கி வெச்சிருப்பாங்க. ஒரு வேட்டு போட்டா போதும், ஓடிடும்" என்று சேர்த்துக்கொள்வார்.

கவனித்தீர்களா? 'ஓடிடும்' என்கிறாரே தவிர, 'விழுந்துடும்' என்று சொல்லவில்லை. இந்த வாரக் கட்டுரையே இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தைப் பற்றியதுதான்!

நாட்டுத் துப்பாக்கி என்பது என்ன? ஒரு நீளமான இரும்புக் குழல். அதன் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, அதன்மேல் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, மறுபடியும் கெட்டிப்பார்கள். விசையை இழுத்தால் சுத்தியல் போன்ற குதிரை வந்து பொட்டு வெடி மாதிரியான கேப்பில் அடிக்கும். தீப்பொறி உள்ளே போகும். 'டமால்!'

சத்தம் பெரிது. புகை அதைவிடப் பெரிது. ஆனால், குண்டு எங்கே போகும்? அது குண்டுக்கே தெரியாது!

ஏன் தெரியாது என்ற கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாகச் சரியான விஞ்ஞான விடை கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. அவர் செத்துப்போனது லண்டனிலோ பாரீஸிலோ அல்ல. முண்டியம்பாக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் நம்ம கடலூரில்!

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 1707-ல் பிறந்தவர். போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் 'பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்' என்ற புத்தகத்தை 1742-ல் எழுதி, சுடுவதையே ஒரு கணக்குப் பாடமாக மாற்றியது. மாபெரும் கணித மேதையான ஆய்லர், அந்தப் புத்தகத்தை 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராபின்ஸ் செய்த வேலை எளிமையானது. ஒரு கனமான பலகையை ஊசல் மாதிரித் தொங்கவிட்டார். அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார். பலகை எவ்வளவு தூரம் பின்னால் ஆடுகிறது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டார். நொடிக்குச் சுமார் 1,700 அடி! அதுவரை யாருமே அளக்காத வேகம். அந்த வேகத்தில் பறக்கும் குண்டைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் அதிகம் என்றும் கண்டுபிடித்தார். 'காற்றுதானே, அது என்ன செய்துவிடும்?' என்று அதுவரை நினைத்திருந்த பீரங்கி நிபுணர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

அடுத்து அவர் செய்துகாட்டியது இன்னும் வேடிக்கை. ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். குழல் இடப்பக்கம் வளைந்திருக்கிறது; ஆக, குண்டு இடப்பக்கம்தானே போக வேண்டும்? கிளம்பும்போது அப்படித்தான் போனது. ஆனால், போகப் போக வலப்பக்கம் திரும்பி, நேர்கோட்டையும் தாண்டி, வலது புறத்தில் போய் விழுந்தது! காகிதங்களில் விழுந்த ஓட்டைகளே சாட்சி.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஃபுட்பாலில் ஃப்ரீகிக் அடிக்கும்போது பந்து காற்றிலேயே வளைந்து கோலுக்குள் போகிறதே, அதே சமாசாரம். வளைந்த குழலின் ஒரு பக்கச் சுவரில் குண்டு உரசிக்கொண்டே வருவதால் சுழல ஆரம்பித்துவிடுகிறது. சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது.

சரி, வளைக்காத சாதாரணத் துப்பாக்கியில்?

அங்கேதான் கோளாறே! அன்றைய இங்கிலீஷ் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். அதற்குள் போடும் ஈயக் குண்டு 17.5 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! ஏன் இப்படித் தொளதொளவென்று வைத்தார்கள் என்றால், கருமருந்து எரிந்த பிறகு குழலுக்குள் அப்பிக்கொள்ளும் கரிதான் காரணம். குண்டு இறுக்கமாக இருந்தால், நாலு முறை சுட்ட பிறகு ஐந்தாவது குண்டு உள்ளே இறங்காது. சண்டையில் நிமிஷத்துக்கு மூன்று முறையாவது சுட வேண்டுமே! அதனால், குறி போனாலும் பரவாயில்லை, வேகம் போதும் என்று முடிவுசெய்தார்கள்.

இந்தத் தொளதொளக் குண்டு வெளியே வருவதற்குள் குழலின் சுவர்களில் இங்கே ஒரு முட்டு, அங்கே ஒரு முட்டு என்று முட்டிக்கொண்டுதான் வரும். கடைசி முட்டு எந்தப் பக்கமோ, அதற்கு ஏற்ற மாதிரிக் கிளம்பும். அதற்கு ஏற்ற மாதிரிச் சுழலும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. துப்பாக்கியைப் பாறையில் கட்டிவைத்துச் சுட்டாலும் இரண்டு குண்டுகள் ஒரே இடத்தில் விழாது. 80 கஜத்தில் ஒரு ஆளைச் சுடலாம்; 200 கஜத்தில் சுட்டுப் பட்டால் அது பட்டவனின் கெட்ட நேரம். கர்னல் ஹேங்கர் என்ற இங்கிலீஷ் அதிகாரியே 1814-ல் கிட்டத்தட்ட இந்த அர்த்தத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இதற்கு மருந்து என்ன? அதையும் ராபின்ஸே சொன்னார். குழலின் உட்புறத்தில் மரை!

போல்ட்டு நட்டு பார்த்திருப்பீர்கள். நட்டுக்கு உள்ளே சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறதே, அதுதான் மரை. துப்பாக்கிக் குழலுக்குள் அதையே மிக மிக மென்மையாக, நீளமான திருகலாக வெட்ட வேண்டும். குண்டு அந்தத் திருகலில் சிக்கி, பம்பரம் மாதிரி ஒரே திசையில் சுழன்றபடி வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறது அல்லவா? அதைப்போலக் குண்டும் அலைபாயாமல் போகும். ராபின்ஸின் காலத்துக்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஜெர்மனியின் கொல்லர்கள் இப்படி வெட்டத் தெரிந்திருந்தார்கள். ஆனால், அது ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. காரணத்தைச் சொன்னவர் ராபின்ஸ். எந்த நாடு இந்த மரைக் குழலைப் புரிந்துகொண்டு தன் படைக்கு முதலில் கொடுக்கிறதோ, அது மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்று 1747-லேயே எச்சரிக்கையும் செய்தார்.

பிறகு அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி. சென்னைக் கோட்டையையும் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் பலப்படுத்த வேண்டும். 1750 ஜூலையில் வந்து இறங்கினார். வரைபடங்கள் போட்டார். நம்ம ஊர் வெயிலும் காய்ச்சலும் அவரைப் படுத்தி எடுத்தன. 1751 ஜூலை 29-ந் தேதி புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே, கையில் பேனாவோடு உயிர் போனது என்று சொல்வார்கள். வயது 44.

அந்தக் கோட்டைக்கே ஒரு குண்டுக் கதை இருக்கிறது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் அதை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்து, சென்னையிலிருந்து கொண்டுவந்து சுட்டார்கள்! 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கடலூரில் இன்றைக்கும் குண்டு சாலை இருக்கிறது. குறி பார்க்கத் தேவையே இல்லாமல் சுட்டு லாபம் பார்த்த இடத்தில், குறியைப் பற்றி யோசித்தே வாழ்ந்த மனிதர் கண்ணை மூடினார்.

அவர் செத்த மறு வருஷம், 1752-ல், நம்ம விக்கிரவாண்டியில் ஒரு சண்டை. மேஜர் கின்னீர் தலைமையில் செஞ்சியைப் பிடிக்கப் போன இங்கிலீஷ் படை, கோட்டையைப் பார்த்ததும் 'இது நம்மால் ஆகாது' என்று திரும்பியது. வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படை காத்திருந்தது. தலைமை, டூப்ளேயின் உறவினர் கெர்ஜான். கின்னீர் தாக்கினார், காயம்பட்டார், தோற்றுத் திரும்பினார். சில வாரங்கள் கழித்து பாகூரில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அதே கெர்ஜானைத் தோற்கடித்துப் பழி தீர்த்தார். பாகூரில் சண்டையை முடித்துவைத்தது துப்பாக்கிக் குண்டு அல்ல. துப்பாக்கி முனையில் செருகிய கத்தி! தூரத்திலிருந்து சுட்டு யாரையும் வீழ்த்த முடியாது என்பதால், கிட்டே போய்க் குத்த வேண்டியிருந்தது. இரண்டு தரப்பிலும் வழவழப்புக் குழல்தான். ராபின்ஸ் சொன்னதை எந்தத் தளபதியும் காதில் வாங்கவில்லை.

இந்தக் குழல்களெல்லாம் எங்கிருந்து வந்தன? கம்பெனியின் குழல்களும் பூட்டுகளும் லண்டன், பர்மிங்காம் பட்டறைகளிலிருந்து கப்பலில் வந்தன. பட்டையான இரும்புத் தகட்டைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, நீளவாக்கில் அடித்து ஒட்டி, பிறகு உள்ளே குடைந்து எடுப்பார்கள். பழைய துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் இதய வடிவ முத்திரை இருந்தால், அது 1808-க்கு முந்தைய கம்பெனிச் சரக்கு. அதன்பிறகு, கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம். கம்பெனி தனக்காகச் செய்துகொண்ட 39 அங்குலக் குழல் துப்பாக்கிக்கு 'இந்தியா பேட்டர்ன்' என்றே பெயர். நெப்போலியன் காலத்துச் சண்டைகளில் ஆயுதப் பற்றாக்குறை வந்தபோது, இங்கிலாந்து ராணுவமே 1797-ல் அதைத் தன் துப்பாக்கியாக ஏற்றுக்கொண்டது!

நம்ம ஊர்க் கொல்லர்களும் சும்மா இருக்கவில்லை. இரும்புப் பட்டையைக் கயிறு திரிப்பதுபோலச் சுருளாகச் சுற்றி, அடித்து ஒட்டிக் குழல் செய்தார்கள். நீளவாக்கில் ஒட்டு இல்லாததால், பிளந்துகொள்ளும் பயம் குறைவு. திரியால் பற்றவைக்கும் அந்த நீண்ட துப்பாக்கிகள் மெதுவாகத்தான் சுடும். ஆனால், குழல் நீளம், உள்விட்டம் சிறியது, அவசரமில்லாமல் குண்டை இறுக்கி வைக்கலாம். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இப்படிப்பட்டவை நிறைய இருந்தன. 1863-ல் அதைக் கலைத்தபோது ஒரு பகுதி சென்னை மியூசியத்துக்குப் போனது. மிச்சம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அதற்கும் முன்பே, பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில், தென் பாளையங்களில் எல்லோரும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டிருந்தது.

சரி, மரைக் குழலுக்கு வருவோம். அதில் ஒரு பெரிய சிக்கல். குண்டு மரையில் சிக்க வேண்டும் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால், சுத்தியலால் தட்டித் தட்டித்தான் உள்ளே இறக்க முடியும். சிப்பாய் தட்டி முடிப்பதற்குள் எதிரி வந்து நிற்பான்! உள்ளே போகும்போது தொளதொளவென்றும், வெளியே வரும்போது இறுக்கமாகவும் ஒரு குண்டு வேண்டும். முடிகிற காரியமா?

முடியும் என்று வழி காட்டியதும் தென்னிந்தியாதான் என்கிறது துப்பாக்கி வரலாறு. 1820-களில் இங்கே இருந்த கேப்டன் நார்ட்டன், நம்ம பக்கத்து வேட்டைக்காரர்களின் ஊதுகுழலைப் பார்த்தார். குழலுக்குள் வைக்கும் அம்பின் அடியில் நெட்டி போல மெத்தென்ற ஒரு பொருள். ஊதியதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ள, காற்று வீணாகாமல் அம்பு சீறிப் பாய்கிறது. குண்டின் அடியைக் குடைந்துவிட்டால், மருந்து வெடிக்கும்போது ஈயமும் இப்படி விரியுமே! நார்ட்டன் செய்துகாட்டினார். லண்டன் அதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். பல வருஷங்கள் கழித்து, 1849-ல், பிரெஞ்சுக் கேப்டன் மினியே அதே தத்துவத்தில் ஒரு குண்டு செய்தபோது, அதற்கு 20,000 பவுண்டு கொடுத்தது அதே இங்கிலாந்து!

அப்படிப் பிறந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள். 39 அங்குலக் குழல், மூன்று வரி மரை, 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. அதாவது, குண்டு வெளியே வருவதற்குள் அரைச் சுற்றுதான். அந்த அரைச் சுற்று போதும்! 80 கஜத்தில் தடுமாறிய சிப்பாயின் கையில், 900 கஜம் வரை அளவு பொறித்த குறிமானி வந்துவிட்டது. ராபின்ஸின் எச்சரிக்கை பலிக்க நூறு வருஷங்களுக்கு மேல் ஆனது.

மிச்சக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1857. தோட்டாவில் தடவிய கொழுப்பு. ஆனால், கொழுப்பு எதற்கு என்று பாடப் புத்தகம் சொல்லியிருக்காது. அந்தக் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருந்த இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு! கரி அப்பிய குழலில் வழுக்கிக்கொண்டு இறங்கக் கொழுப்பு இல்லாமல் முடியாது. ஆக, கொழுப்பு வந்ததே மரையால்தான். கொழுப்பு மட்டும்தான் புரட்சிக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. புகைந்துகொண்டிருந்த கோபத்துக்குத் தீ வைத்தது அது.

புரட்சி அடங்கிய பிறகு இங்கிலீஷ்காரர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். இந்தியச் சிப்பாய்கள் கையில் துப்பாக்கி இல்லாமல் ராஜ்யத்தை நடத்த முடியாது. மரைத் துப்பாக்கியைக் கொடுக்கவும் பயம். என்ன செய்யலாம்? அதே என்ஃபீல்டு குழலை எடுத்தார்கள். உள்ளே குடைந்து மரையை வழித்து எடுத்தார்கள். உள்விட்டம் 2 மில்லிமீட்டர் கூடியது. 900 கஜக் குறிமானியையும் எடுத்துவிட்டு, சும்மா ஒரு காடியை வைத்தார்கள். இதற்கு '1858 மாடல்' என்று பெயர். வெளியே பார்த்தால் அசல் என்ஃபீல்டு; உள்ளே பழைய தொளதொள மஸ்கட்!

நம்ம பேச்சு வழக்கில் 'மரை கழன்றவன்' என்றால் கிறுக்கன் என்று அர்த்தம். இங்கே மரையைக் கழற்றியவர்கள் கிறுக்கர்கள் அல்ல. நன்றாக யோசித்துச் செய்தவர்கள். ஆனால், ஒன்றை யோசிக்கவில்லை. குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்து, புடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. மறு வருஷமே, கனமான சுவரோடு '1859 மாடல்' செய்ய வேண்டியதாயிற்று. செலவானாலும் பரவாயில்லை, இந்தியன் குறி பார்த்துச் சுடக் கூடாது!

அதன்பிறகும் இதே விளையாட்டுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பின்பக்கம் தோட்டா போடும் ஸ்னைடர் வந்த பிறகு, இந்தியச் சிப்பாய்க்கு வாய் வழியாகக் கெட்டிக்கும் என்ஃபீல்டு. அவனுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்த பிறகு, இவனுக்கு ஸ்னைடர். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். ஊர் ஜனங்களுக்கோ, 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியனுக்கு வேண்டாம்!

அந்தப் பாரபட்சம் சுதந்திரத்துக்குப் பிறகு போய்விட்டது. இப்போது இருப்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் என்றால், 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல். பயிரைக் காப்பாற்ற என்றால், வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. வேறு ரகம் வேண்டுமென்றால், நியாயமான காரணம் சொல்லி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். யார் கையில் குழல் என்பதோடு, குழலுக்குள்ளே மரை இருக்கிறதா என்றும் சட்டம் இன்னமும் எட்டிப் பார்க்கிறது.

அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் ரைஃபிள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கச் செய்திகளில் பார்க்கிறோமே! லைசென்ஸ் கையில் இருந்தாலும் காட்டுப்பன்றியை இஷ்டத்துக்குச் சுட முடியாது. வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. இன்று நியாயமாகத் தெரியும் ஒரு விதி, ஒரு காலத்தில் பயத்திலிருந்து பிறந்தது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

முண்டியம்பாக்கத்துப் பெரியவர் 'ஓடிடும்' என்று சொன்னாரே, சரியான வார்த்தை. ஓட வைக்க மட்டும் முடிகிற துப்பாக்கியைத்தான் அவருடைய பாட்டன் கைக்கு வர விட்டார்கள். விழ வைக்கும் ரகசியத்தைக் கண்டுபிடித்தவரோ, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கடலூர்க் கடற்கரையில் பேனாவோடு செத்துப்போனார்.